இங்கிலாந்து வேலைக்குப் புறப்படுமுன்...

செவிலியர் பட்டம் பெற்ற மகளுக்கோ, பொறியியல் கற்ற மகனுக்கோ இங்கிலாந்தில் வேலை கிடைத்திருக்கிறது என்ற செய்தி வந்தால், இல்லமெங்கும் மகிழ்ச்சி பொங்குவது இயல்பே. கல்விக் கடன் தீரும், தங்கையின் திருமணம் நடைபெறும், பழைய ஓட்டு வீடு மாடி வீடாகும் என்று கனவுகள் வரிசையாக எழுகின்றன. சில நாட்களிலேயே நகைகள் அடகுக் கடைக்கும், நிலப் பத்திரம் வங்கிக்கும் சென்று சேர்கின்றன. ஆனால், "இவ்வளவு பணமும் எதற்காக? இதைக் கேட்கச் சட்டத்தில் இடமுண்டா?" என்ற கேள்வியைப் பல குடும்பங்கள் கேட்பதேயில்லை. அக்கேள்விக்கு விடை காண முற்படுவோம்.

விசா எதன்மேல் நிற்கிறது?

பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தினின்று பிரிந்த பின்னர், 2020 டிசம்பர் 1 முதல் 'ஸ்கில்டு ஒர்க்கர்' விசா என்னும் முறை அங்கு நடைமுறைக்கு வந்தது. இவ்விசாவைப் பெற 70 புள்ளிகள் தேவை. உரிமம் பெற்ற முதலாளி ஒருவர் வேலை தர முன்வந்தால் 20, அவ்வேலை உரிய தகுதி நிலையில் இருந்தால் 20, ஊதியம் போதிய அளவினதாக இருந்தால் 20, ஆங்கில அறிவுக்கு 10 என்று அவை பகுக்கப்பட்டுள்ளன. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் விசா இல்லை.

இவை அனைத்திற்கும் அடிப்படை, முதலாளி வழங்கும் ஸ்பான்சர் சான்று. மக்கள் பேச்சில் இது 'சி.ஓ.எஸ்.' என்று வழங்குகிறது. சான்று என்றவுடன் முத்திரையிட்ட அழகிய தாளை நாம் நினைத்துக் கொள்கிறோம். உண்மையில் அது கணினியில் பதிவாகும் ஒரு குறிப்பே. அதற்குரிய எண்ணைக் கொண்டு 3 மாதங்களுக்குள் விசாவிற்கு விண்ணப்பிக்க வேண்டும். எந்த முதலாளி, எந்த வேலை, எவ்வளவு ஊதியம் என்பன அதில் குறிக்கப்பட்டிருக்கும். ஆகவே இவ்விசா ஒருவர் விரும்பிய இடத்தில் விரும்பிய வேலையைச் செய்வதற்கான பொது அனுமதி அன்று. குறித்த முதலாளியிடம் குறித்த வேலையைச் செய்வதற்கான அனுமதியே அது.

விலைக்கு வரும் சான்று

இச்சான்றினை இத்தனை லட்சம் என்று விலை பேசி விற்போர் இருக்கின்றனர். இதன் உண்மைக் கட்டணம் எவ்வளவு? 2025 ஏப்ரலில் பிரிட்டிஷ் அரசு அதனை 525 பவுண்டு என உயர்த்தியது. அதனை அரசுக்குச் செலுத்த வேண்டியவர் முதலாளி. 2024 டிசம்பர் 31 முதல் வழங்கப்படும் சான்றுகளுக்கு இக்கட்டணத்தைத் தொழிலாளியின் தலையில் சுமத்துவது தடை செய்யப்பட்டுள்ளது. மீறும் முதலாளி தமது உரிமத்தையே இழக்க நேரிடும். மருத்துவத் துறையினரைப் பொறுத்தவரை, வேலை தேடித் தருவதற்காக விண்ணப்பதாரரிடம் கட்டணம் பெறலாகாது என்று அந்நாட்டு அரசின் நெறிமுறைகளே கூறுகின்றன. எனவே, "சான்றுக்காக இவ்வளவு கொடுங்கள்" என்ற சொல் காதில் விழுந்த அக்கணமே நாம் விழித்துக்கொள்ள வேண்டும்.

விழித்துக்கொள்ளாதவர்கள் பட்ட துன்பம் சிறிதன்று. 2022 ஜூலை முதல் 2024 டிசம்பர் வரை, பராமரிப்புத் துறையில் மட்டும் 470-க்கு மேற்பட்ட முதலாளிகளின் உரிமங்களைப் பிரிட்டிஷ் அரசு நீக்கியது. அந்நிறுவனங்களோடு தொடர்புடைய தொழிலாளர்கள் 39,000-க்கு மேற்பட்டோர். கடன் வாங்கிப் பயணம் செய்து, அங்கே சென்றபின் வேலையே இல்லை என்று அறிந்தவர்களும் அவர்களுள் உண்டு. முதலாளி இழைத்த தவற்றுக்காகத் தொழிலாளியின் விசாவும் அறுந்து போகிறது என்பதே இதிலுள்ள பெரும் கொடுமை.

நேற்றைய விதி இன்று இல்லை

"என் சித்தப்பா மகள் இப்படித்தான் சென்றாள்" என்பதை நம்பி முடிவெடுப்பதும் ஆபத்தே. 2024 ஏப்ரலில் பொது ஊதிய வரம்பு ஆண்டுக்கு 38,700 பவுண்டாக உயர்ந்தது; 2025 ஜூலை 22 அன்று 41,700 ஆயிற்று. அதே நாளில் வேலையின் தகுதி நிலையும், சில விலக்குகள் நீங்கலாக, பட்டப்படிப்பு அளவிற்கு உயர்த்தப்பட்டது. செவிலியர் போன்று அரசு ஊதிய விகிதத்தில் பணிபுரிவோருக்குத் தனி வரம்பு உண்டு. 2026 ஜனவரி 8 முதல், முதன்முறை விண்ணப்பிப்போர் முன்னைவிட உயர்ந்த ஆங்கிலத் தேர்ச்சியைக் காட்ட வேண்டும்.

முதியோரைப் பராமரிக்கும் உதவியாளர் வேலையின் கதை இன்னும் தெளிவானது. 2022 பிப்ரவரியில் அவர்களுக்கு இக்கதவு திறந்தது. 2025 ஜூலை 22 அன்று வெளிநாட்டினின்று புதிதாக விண்ணப்பிப்போருக்கு அது அடைக்கப்பட்டது. இதன் பின்னரும், "பராமரிப்பு வேலைக்கு இங்கிருந்தே விசா எடுத்துத் தருகிறேன்" என்று ஒருவர் வந்தால், அவர் அறியாதவராக இருக்க வேண்டும். அல்லது அறிந்தே ஏமாற்றுபவராக இருக்க வேண்டும்.

குடும்பம் உடன் செல்லுமா?

ஸ்கில்டு ஒர்க்கர் விசா பெறும் செவிலியர் தம் கணவரையும் 18 வயதுக்குட்பட்ட பிள்ளைகளையும் உடன் அழைத்துச் செல்ல இடமுண்டு. ஆனால் 2024 மார்ச் 11 முதல், புதிதாகச் செல்லும் பராமரிப்பு உதவியாளர்களுக்கு அவ்வாய்ப்பு மறுக்கப்பட்டது. அதனை அறியாது புறப்பட்ட தாய், தன் குழந்தையை ஆண்டுக்கணக்கில் தொலைபேசியிலேயே கொஞ்ச வேண்டியவளானாள். ஆகவே எந்த வேலைக்கு எந்த விதி என்பதைப் பயணச்சீட்டு வாங்குமுன் கணவனும் மனைவியும் ஒருங்கே அமர்ந்து அறிந்துகொள்ளல் வேண்டும்.

செலவையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொதுவாக இவ்விசாவில் செல்வோர், ஓராண்டிற்கு ஒருவருக்கு 1,035 பவுண்டு வீதம் மருத்துவக் கூடுதல் கட்டணத்தை விசாக் காலம் முழுமைக்கும் முன்னதாகவே செலுத்த வேண்டும் என்பது 2024 பிப்ரவரி முதல் உள்ள அளவு. செவிலியர் முதலிய மருத்துவப் பணியாளர்க்குரிய பிரிவில் செல்வோருக்கு இதனின்று விலக்கு உண்டு. விலக்கு உள்ளவர்களிடமும் இதன் பெயரால் பணம் கேட்கும் தரகர்கள் உளர் என்றால் வியப்பில்லை.

வேலை போனால்?

பணிநீக்கம் செய்யப்பட்டாலும், முதலாளி உரிமம் இழந்தாலும், பொதுவாக 60 நாட்கள் தவணை தரப்படும். விசாவே அதற்குமுன் முடிவடையுமாயின் அந்நாள் வரையே தங்கலாம். அதற்குள் உரிமம் பெற்ற மற்றொரு முதலாளியிடம் புதிய சான்று பெற்று, மீண்டும் விண்ணப்பிக்க வேண்டும். கழுத்தளவு கடனோடு சென்றவருக்கு இந்த 60 நாட்கள் நரக வேதனையாகும். கடனின்றிச் சென்றவரோ நிமிர்ந்து நின்று வேறு இடம் தேடலாம். கொடுமை இழைக்கும் முதலாளியிடம் "முடியாது" என்று சொல்லவும் அவரால் இயலும்.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, உரிமம் பெற்ற முதலாளிகளின் பட்டியலைப் பிரிட்டிஷ் உள்துறை அனைவரும் காணும்படி வெளியிடுகிறது. நிறுவனத்தின் பெயர் அதில் உள்ளதா என்று பாருங்கள். பெயர் இருந்தாலும் அதனோடு நின்றுவிடாமல், அந்நிறுவனத்தின் சொந்த முகவரிக்கே எழுதி, வேலை உண்மைதானா என்று கேளுங்கள்.

இரண்டாவதாக, நம் நாட்டின் 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டத்தின்படி ஆளெடுக்கும் முகவர் மத்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும். அவர் பெறக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் அதற்குரிய வரியுமே என்று வரையறுக்கப்பட்டுள்ளது. எதைக் கொடுத்தாலும் ரசீது பெறுங்கள். ரசீது தர மறுப்பவரிடம் ஒரு ரூபாயும் கொடாதீர்கள்.

மூன்றாவதாக, தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்கி வருகிறது. தனியார் தரகரை நாடுமுன் அங்கு விசாரிப்பது நன்று.

நான்காவதாக, பணி ஒப்பந்தத்தைக் கையெழுத்திடுமுன் ஆங்கிலம் நன்கறிந்த ஒருவரோடு வரிவரியாகப் படியுங்கள். ஊதியம், வேலை நேரம், தங்குமிட வாடகை, இடையில் விலகினால் திருப்பித் தரவேண்டிய தொகை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். நம் பங்குகளிலிருந்து சென்று அங்கே பணியாற்றுவோர் பலர் உள்ளனர். அவர்களிடம் கேட்டறியத் தயங்க வேண்டாம்.

கடல் கடந்து உழைக்கச் செல்வது பெருமைக்குரியதே. அவ்வுழைப்பின் பயன் பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வந்து சேர வேண்டுமே அன்றி, வட்டிக்காரனுக்கும் தரகனுக்கும் அன்று. அவசரப்படுத்துகிறவரிடம் ஒரு வாரம் தவணை கேளுங்கள். உண்மையான வேலை ஒரு வாரம் காத்திருக்கும். காத்திருக்க மறுப்பது எதுவாயினும், அதற்காக அடகு வைக்க இருந்த நகை வீட்டிலேயே இருக்கட்டும்.