பன்னி போனா புலி என்ன சாப்பிடும்?

"ராத்திரியோட ராத்திரியா கடலைக் கொல்லையைக் கிளறிப் போட்டுடுச்சுடா மாப்ள. ஏதாவது நோய் வந்து மொத்தமா போய்ச் சேர்ந்தா நிம்மதி!"

லீவுக்குப் பிரம்மதேசம் போனப்ப, காட்டுப்பன்றிகளை இப்படித்தான் சபிச்சார் மாமா. அவர் கோபம் நியாயமானது. ஆனா, நிஜமாவே நோய் வந்தா?

வந்திருக்கு ஃப்ரெண்ட்ஸ்! 2023 ஜனவரியில் முதுமலைக் காட்டில் பன்றிகள் அடுத்தடுத்து செத்து விழுந்தன. பரிசோதனையில், ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல்னு உறுதியாச்சு. மனுஷனுக்கோ புலிக்கோ இது தொற்றாது. ஆனா, புலியோட சாப்பாட்டுத் தட்டுல கை வைக்கும்.

கேன்டீன் கணக்கு

உங்க கேன்டீன்ல பிரியாணி தீர்ந்துடுச்சு. பட்டினியாவா கிடப்பீங்க? தயிர் சாதத்துக்குத் தாவிடுவீங்க. கடைசியில், தினமும் தயிர் சாதம் சாப்பிடுற அப்பாவிக்குப் பாத்திரம் காலி! காட்டிலும் இதே கதைதான். பன்றி குறைஞ்சா புலியின் பார்வை மான் மேல இன்னும் அதிகமா விழும். அதே மானை நம்பியிருக்கிற செந்நாய்க்கும் சிறுத்தைக்கும் போட்டி கூடும்.

முதுமலைப் புலி கொடுத்து வச்சது. கடமான், புள்ளிமான், காட்டெருமைன்னு மெனு நீளம். ரஷ்யாவின் தூரக் கிழக்குப் புலிக்கு முக்கிய இரையே பன்றியும் செம்மானும்தான். 2019-ல் அங்கேயும் இதே காய்ச்சல் நுழைஞ்சது. பன்றிகள் சரிஞ்சதும், அடுத்து வந்த குளிர்காலங்களில் புலிகள் கிராமத்துக்குள்ள வந்து நாய்களைத் தூக்க ஆரம்பிச்சன.

சிறுத்தை இதுல கில்லாடி. காடே இல்லாத மகாராஷ்டிராவின் அகோலே வயல்வெளியில் சிறுத்தைகளின் எச்சத்தை ஆராய்ஞ்சாங்க. எடைக் கணக்கில் அதுங்க உணவில் 87 சதவிகிதம் வளர்ப்புப் பிராணிகள். நாய் மட்டுமே 39!

மிச்சத்தை நம்புறவங்க

செத்த பன்றிகள் கிடக்கிற வரை நரிக்கும் கழுகுக்கும் விருந்து. அப்புறம்? எலி, நண்டு, இலந்தைப்பழம்னு நரி சமாளிச்சுடும். பிணந்தின்னிக் கழுகுக்கு அந்த வசதி இல்லை. செத்த உடல்தான் ஒரே மெனு. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்தால், 1990-களிலிருந்து நாடு முழுக்க அழிஞ்ச இனம் அது. 2006-ல்தான் தடை வந்தது. தப்பிச்சதுல கொஞ்சம் முதுமலையை ஒட்டிய மாயாறு பள்ளத்தாக்கில் இருக்கு.

அப்போ மாமாவோட கடலை? 2025 ஜனவரியில் தமிழக அரசு ஒரு வழி சொன்னது. காட்டிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. 3 கிலோமீட்டர் வரை பிடிச்சுக் காட்டில் விடணும். அதைத் தாண்டினா வனத்துறை சுடலாம்.

எல்லாத்தையும் மாமாகிட்ட சொன்னேன். கொஞ்ச நேரம் யோசிச்சார்.

"சரிடா, புலி பங்கு காட்டுலயே இருக்கட்டும். என் கொல்லைக்கு மட்டும் வர வேணாம்னு சொல்லு!"