வெறும் போத்தலும் மரத்தூளும்

1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு இருளில் மூழ்கியது. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் கிடைப்பதும் அரிது. அப்போது எமது பிள்ளைகளின் படிப்பைக் காத்தது வெறும் ஜாம் போத்தல். அடியில் பஞ்சு வைத்து, அது ஊறுமளவுக்கு மட்டும் எண்ணெய் விடுவோம். கம்பியில் தாங்கிய சிறு திரி பஞ்சைத் தொட்டபடி நிற்கும். சுடர் போத்தலுக்குள்ளேயே எரிவதால் சிமினி தேவையில்லை. வெளிச்சம் கொஞ்சந்தான், நான்கு தலைகள் நெருங்கிக் குனிந்தால் எழுத்துத் தெரியும்.

சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனம்பழக் களியில் உடுப்புத் தோய்த்தவர்களும் உண்டு. அழுக்குப் போகும், மணம் போகாது. கொடியில் காயும் சேலையை மாடு சப்பாமல் ஒருவர் காவல் இருக்கவேண்டும்!

2022 இல் எரிவாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்றவர்களுக்கு மரத்தூள் அடுப்பு மீண்டும் நினைவுக்கு வந்தது. இன்றும் செலவைக் குறைக்க அது உதவும். பெரிய பிஸ்கற் தகரத்தின் பக்கத்தில், அடியோடு ஒட்டி ஒரு துளை இடுங்கள். அதனூடாக ஒரு தடியை நடுவரை செலுத்துங்கள். தடியின் நுனியில் ஒரு போத்தலை நிமிர்த்தி வைத்து, சுற்றிலும் காய்ந்த மரத்தூளை இறுக்கி அடையுங்கள். பின் போத்தலை மெதுவாகத் திருகி மேலேயும், தடியை வெளியேயும் எடுத்துவிட்டு, கீழ்த் துளையால் நெருப்பு வையுங்கள். இறுக்கம் குறைந்தால் தூள் இடிந்து விழும்; ஈரத்தூள் புகைந்தே கண்ணைக் கெடுக்கும். விளிம்பில் மூன்று கல் வைத்துப் பானையை ஏற்றினால் காற்று ஓடும்.

அடைத்த அடுக்களைக்குள் இதை மூட்டவேண்டாம், முற்றமே நல்லது. மிஞ்சும் சாம்பலைக் கொட்டிவிடாதீர்கள். பொச்சில் தொட்டுச் சட்டி விளக்க அது போதும்.