சக்கர வீட்டில் ஒரு மீன் தொட்டி

1954ஆம் ஆண்டில் அமெரிக்காவில் வெளியான ‘த லோங், லோங் ட்ரெயிலர்’ என்னும் நகைச்சுவைப் படத்தில் ஒரு காட்சி வருகின்றது. புதிதாக மணம் முடித்த தம்பதியர், மோட்டார் வண்டியின் பின்னே பூட்டிய சக்கர வீடொன்றிலே குடித்தனம் நடத்தப் புறப்படுகின்றனர். போகும் இடந்தோறும் நினைவுக்கென ஒவ்வொரு கல்லாகப் பொறுக்கி வீட்டினுள் சேர்க்கின்றாள் மனைவி. மலைப்பாதை வந்ததும் அக்கற்களின் பாரம் வண்டியை மட்டுமன்றி, இல்லறத்தையும் ஆட்டிவைக்கின்றது. பார்ப்போர் சிரிக்கின்றனர். ஆயினும் அச்சிரிப்பின் அடியில் ஓர் உண்மை கிடக்கின்றது. இலேசாகக் கட்டிய வீட்டிலே எப்பொருளையும் அதன் பாரம் அறிந்தே வைத்தல் வேண்டும்.

கல்லுக்குள்ள அக்கணக்குத் தண்ணீருக்கும் உண்டு. சக்கர வீட்டில் வாழும் ஒரு குடும்பம், பிள்ளைகளின் ஆசைக்காக மீன் காட்சித் தொட்டி ஒன்றை அமைக்க விரும்பினால் என்ன செய்தல் வேண்டும்? இதனை இவ்வாரம் நோக்குவோம். பலகைத் தளமிட்ட மாடியறைகளில் வாழும் நம்மவர்க்கும், அளவையியலைப் பாடமாகப் படிக்கும் மாணவர்க்கும் இது பயன்படும் என்பது நமது எண்ணம்.

நகராத நகரும் வீடு

சக்கர வீடு என்றதும், நாள்தோறும் ஊர்விட்டு ஊர் செல்லும் நாடோடி வாழ்வு நம் மனக்கண்முன் தோன்றும். உண்மை அதுவன்று. தொழிற்சாலையிலே முழுமையாகச் செய்து, சக்கரங்களின் மேல் ஏற்றிக் கொண்டுவந்து, ஒரு வளவில் நிறுத்திய பின்னர், அவற்றுட் பெரும்பாலானவை மீண்டும் நகர்வதே இல்லை. இரண்டாம் உலகப் போரின் பின்னர், குறைந்த செலவில் வீடு தேடியவர்க்கு இவை பெருந்துணையாயின. 1976ஆம் ஆண்டு முதல் இவற்றின் கட்டுமானத்துக்கு அமெரிக்க மத்திய அரசின் விதிகள் நடைமுறையில் உள்ளன.

இவ்வீட்டின் அடியில் நீளவாட்டில் இரண்டு உருக்கு விட்டங்கள் ஓடுகின்றன. அவற்றின் மேல் மரச் சட்டங்களும், சட்டங்களின் மேல் பலகையும் அமைகின்றன. பழைய வீடுகள் பலவற்றில் அப்பலகை, மரத்தூளையும் சிறு சீவல்களையும் பசையிட்டு அழுத்திச் செய்ததாகும். காய்ந்திருக்கும்வரை அது பாரத்தைத் தாங்கும். நீர் பட்டு ஊறினாலோ பொருமிப் பொடியாகிவிடும். ஆகவே இங்கே தொட்டியின் பாரம் ஒரு பகையென்றால், தொட்டியின் ஒழுக்கு மற்றொரு பகையாகும்.

பாரக் கணக்கு

ஒரு லீற்றர் தண்ணீரின் நிறை ஒரு கிலோகிராம். இந்த ஒரு செய்தியை வைத்துக்கொண்டே மாணவர்கள் முழுக் கணக்கையும் செய்துவிடலாம்.

60 சென்ரிமீற்றர் நீளமும், 30 சென்ரிமீற்றர் அகலமும், 30 சென்ரிமீற்றர் உயரமும் கொண்ட தொட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு 54 லீற்றர். விளிம்பின் கீழே சிறிது இடம் விட்டு, அடியிலே கூழாங்கல் பரப்பினால், தண்ணீர் ஏறத்தாழ 45 லீற்றர் கொள்ளும். கல் 14 கிலோகிராம், கண்ணாடி 11 கிலோகிராம், தாங்கி 10 கிலோகிராம் எனக் கொண்டால் எல்லாமாக 80 கிலோகிராம் வருகின்றது. இஃது ஓர் ஆண்மகனின் நிறையே. வீட்டுக்கு வந்த விருந்தாளி ஒருவர் மூலையில் நிற்பதைத் தளம் தாங்குமன்றோ? இதனையும் தாங்கும்.

இனி 120 சென்ரிமீற்றர் நீளமும், 45 சென்ரிமீற்றர் அகலமும், 50 சென்ரிமீற்றர் உயரமும் உள்ள தொட்டியைப் பாருங்கள். நீளம் இருமடங்குதான். பாரமோ எல்லாம் சேர்ந்து 350 கிலோகிராமைத் தாண்டிவிடுகின்றது! நான்கைந்து பேர் ஒரே இடத்தில் நெருங்கி நிற்பதற்கு அது சமம். மனிதர் சிறிது நேரத்தில் விலகிப் போய்விடுவர். தொட்டியோ இரவும் பகலும் ஆண்டுக்கணக்காக அங்கேயே நிற்கும். இடையறாத பாரத்தின் கீழ் மரம் மெல்ல மெல்ல வளையும் இயல்புடையது. சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 195 கிலோகிராம் தாங்கத்தக்கதாக இவ்வீடுகளின் தளம் வகுக்கப்படுகின்றது. பெரிய தொட்டியோ தான் நிற்கும் இடத்தில் அதனைப்போல மும்மடங்குக்கும் மேலாக அழுத்துகின்றது. எனவே சிறியதே நன்று. பெரியதுதான் வேண்டுமெனின், வீட்டின் அடியிலே அவ்விடத்துக்கு நேராக முட்டுக் கொடுத்தல் வேண்டும். அது தச்சு வேலை அறிந்தவர் நேரிற் பார்த்துச் செய்யவேண்டிய காரியமாகும்.

இடம் தெரிதல்

தொட்டியின் நீளப்பக்கம் தளச் சட்டங்களுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். அப்பொழுதுதான் பாரம் ஒரே சட்டத்தில் இறங்காது பலவற்றிற் பகிர்ந்து செல்லும். உருக்கு விட்டம் ஓடும் இடத்தின் மேலே தளம் மிகவும் உறுதியாயிருக்கும். தாங்கியின் நான்கு கால்களும் பலகையைக் குத்தாவண்ணம், அவற்றின் கீழே தடித்த ஒட்டுப்பலகை ஒன்றை விரித்தல் நலம். தொட்டி மட்டமாக நிற்கின்றதா என்பதை இரசமட்டம் வைத்துப் பார்த்தல் வேண்டும். நிலம் தாழ்ந்து வீடு சரிந்தால் கண்ணாடியின் ஒரு பக்கத்தில் அழுத்தம் மிகுந்து, பொருத்துகள் விட்டுப்போதலும் கூடும். ஆதலால் ஆண்டுக்கு ஒரு முறையேனும் மீண்டும் மட்டம் பார்த்தல் வேண்டும்.

இலேசான சுவர்களையுடைய வீட்டிலே கோடையின் வெம்மையும் மாரியின் குளிரும் விரைவில் உட்புகும். யன்னலோரமும், சூடான காற்று வெளிவரும் துவாரத்தின் அருகும், அடிக்கடி திறந்து மூடும் கதவருகும் தொட்டிக்கு ஏற்றவை அல்ல. நேர்வெயில் பட்டால் பாசியும் பெருகும். மின்சாரக் கம்பியைச் செருகியின் மட்டத்துக்குக் கீழே தாழ்ந்து வளையும்படி விட்டால், கம்பி வழியே ஒழுகும் நீர் அவ்வளைவிலே சொட்டிவிடும், செருகியை அடையாது. மின் கசிவை உணர்ந்து துண்டிக்கும் ட்ரிப் சுவிட்ச் இருத்தல் இன்றியமையாதது.

கண்ணுக்குத் தெரியாத குடிகள்

1850ஆம் ஆண்டளவில் றொபேட் வாரிங்டன் என்னும் ஆங்கில இரசாயன அறிஞர், பொன்மீன்களையும் நீர்ச்செடியையும் நத்தைகளையும் ஒரே கலத்தில் வைத்து ஆராய்ந்தார். மீன் கழிப்பது செடிக்கு உரமாகின்றது. செடி தரும் ஒட்சிசன் மீனுக்கு உயிராகின்றது. அழுகும் இலையை நத்தை தின்கின்றது. இச்சமநிலையை அவர் எடுத்துக்காட்டிய பின்னரே வீட்டுத் தொட்டி என்பது ஒரு கலையாக வளர்ந்தது.

அவர் கண்ணுக்குப் புலப்படாத குடிகள் வேறும் உளர். அவர்களே பற்றீரியாக்கள். மீனின் கழிவிலிருந்து அமோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. ஒருவகைப் பற்றீரியா அதனை நைத்திரைற்று ஆக்குகின்றது. அதுவும் நஞ்சே. மற்றொருவகை அதனைத் தீமை குறைந்த நைத்திரேற்று ஆக்குகின்றது. இவை தொட்டியிலே பெருகி நிலைபெற நான்கு முதல் ஆறு கிழமைகள் வரை செல்லும்.

காலையில் தொட்டி வாங்கி, மாலையில் பன்னிரண்டு மீன்களை விடுகின்றோம். ஒரு கிழமைக்குள் அவை ஒவ்வொன்றாய் மிதக்கின்றன. பிள்ளை அழுகின்றது. கடைக்காரரைக் குறை சொல்கின்றோம். குற்றம் மீனுடையதன்று, நமது அவசரத்தினுடையதே. முதலில் தண்ணீரும் வடிகட்டியும் செடியும் மட்டும் இருக்கட்டும். நாள்தோறும் ஒரு சிட்டிகை மீனுணவை இட்டுப் பற்றீரியாவுக்கு இரை கொடுப்போம். அமோனியாவும் நைத்திரைற்றும் இல்லையெனச் சோதனை காட்டிய பின்னர், இரண்டு மூன்று மீன்களாகச் சேர்ப்போம். கிழமைக்கு ஒரு முறை காற்பங்கு நீரை மாற்றுதல் போதும். குழாய் நீரிலுள்ள குளோரீன் ஒரு நாள் திறந்து வைத்தால் அகலும். அமெரிக்க நகரங்கள் பலவற்றிற் கலக்கப்படும் குளோரமீன் அவ்வாறு அகலாது. அதற்குரிய மருந்தை இடல் வேண்டும். தொட்டியைக் கழுவச் சவர்க்காரம் ஒருபோதும் ஆகாது.

ஈழத்து ஓடையிலிருந்து

இத்தகைய சிறு தொட்டிக்கு ஏற்ற மீன்களுள் ஒன்று நமக்கு அயலானதன்று. செரி பார்ப் எனக் கடைகளில் அழைக்கப்படும் செந்நிற மீன், இலங்கையின் தென்மேற்கு ஈரவலயத்து நிழலோடைகளை மாத்திரமே தன் இயற்கை இருப்பிடமாகக் கொண்டது. 1929ஆம் ஆண்டில் பி. இ. பி. தெரணியகல அவர்கள் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார்கள். ஏறத்தாழ ஐந்து சென்ரிமீற்றர் வளரும் அது, சாதுவான குணமுடையது. கூட்டமாக வாழ விரும்புவது. ஆறு முதல் எட்டு வரை சேர்ந்திருந்தால், நாம் கூறிய சிறு தொட்டியிலே செடிகளுக்கிடையில் செந்தழல் போல அசையும். இன்று உலகச் சந்தையில் விற்கப்படுபவை பெரும்பாலும் பண்ணைகளிற் பிறந்தவை. ஓடைகளில் எஞ்சியிருப்பவையோ காடழிவாலும் நீர் மாசடைவதாலும் நெருக்கடிக்குள்ளாகியுள்ளன. ஆகவே பண்ணை மீனையே கேட்டு வாங்குதல் நமது கடமையாகும்.

வீடு பெயரும் நாள்

என்றோ ஒரு நாள் அவ்வீடு உண்மையாகவே நகர நேர்ந்தால், தொட்டியில் நீர் இருத்தல் ஆகாது. மீன்களைப் பாதி நீரும் பாதிக் காற்றும் நிறைந்த பைகளிலிட்டு, வெப்பம் மாறாத பெட்டியில் வைத்தல் வேண்டும். வடிகட்டியின் பஞ்சினை உலரவிடாது பழைய தொட்டி நீரிலேயே எடுத்துச் செல்லல் வேண்டும். அதில்தான் பற்றீரியாக் குடிகள் வாழ்கின்றன. அவற்றை இழந்தால் மீண்டும் ஆறு கிழமைகள் காத்திருத்தல் நேரும்.

திரைப்படத்துத் தம்பதியர் சண்டையிட்டது கற்களுக்காக அன்று. பாரத்தை ஒருவருக்கொருவர் சொல்லாது மறைத்தமைக்காகவே. மீன் தொட்டி வைக்கும் குடும்பத்தில் அப்பிழை நேராதிருக்கட்டும். தந்தை தளத்தைப் பார்க்கட்டும். தாய் இடத்தைத் தெரியட்டும். பிள்ளைகள் லீற்றர்க் கணக்கைப் போடட்டும். பின்னர் அனைவரும் சேர்ந்து ஆறு கிழமைகள் காத்திருக்கட்டும். அங்ஙனம் பொறுமையோடு காத்திருந்த வீட்டிலே, முதல் மீன் செடிக்கிடையில் நீந்தும் அந்த மாலைப்பொழுது பிள்ளைகளின் நினைவை விட்டு நெடுநாள் அகலாது.