ரிலேஷன்ஷிப் மேனேஜர் வேலை: சேரும் முன் கேட்க வேண்டியவை

பட்டப்படிப்பு முடித்த நம் பிள்ளைகளுக்கு வரும் வேலைக் கடிதங்களில் 'ரிலேஷன்ஷிப் மேனேஜர்', 'ரிலேஷன்ஷிப் ஆபீசர்' என்ற பதவிப் பெயர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறோம். "பையனுக்கு பேங்கில் மேனேஜர் வேலை" என்று வாப்பாமார் மகிழ்ச்சியோடு நமது அலுவலகத்திற்கு வந்து சொல்கிறார்கள். ஆறு மாதத்தில் அதே பையன் வேலையை விட்டுவிட்டு வீட்டில் இருக்கிறான். பையனுக்குப் பொறுமை இல்லை என்று எல்லோரும் அவனைத்தான் குறை சொல்கிறோம்.

இது நம் ஊர்ப் பிள்ளைகளிடம் மட்டும் காணும் குறை அல்ல. 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட ஆண்டறிக்கை, தனியார் வங்கிகள் சிலவற்றிலும் சிறு நிதி வங்கிகளிலும் வேலையை விட்டுப் போகிறவர்கள் ஆண்டுக்குச் சுமார் 25 சதவீதம் என்று கூறுகிறது. நாலு பேரில் ஒருவர் போய்விடுகிறார் என்றால், பிள்ளையிடம் மட்டும் காரணத்தைத் தேடுவது நியாயமாகாது. பதவியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதற்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. எந்த வேலைக்குச் சேருகிறோம் என்று தெரியாமலே பலர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

முதலாவது விற்பனை வேலை. மாதத்திற்கு இத்தனை கணக்கு, இத்தனை இன்சூரன்ஸ், இத்தனை கிரெடிட் கார்டு என்று டார்கெட் கொடுப்பார்கள். பைக்கில் அலைய வேண்டும். சம்பளத்தில் ஒரு பகுதி ஊக்கத்தொகையாக இருக்கும். டார்கெட் முடியாவிட்டால் அது வராது. இதைக் கேவலமான வேலை என்று நாம் சொல்லவில்லை. ஆள் பழக்கம் இதில் வரும், கூச்சம் போகும். ஆனால் இது என்ன வேலை என்று தெரிந்து சேர வேண்டும்.

இரண்டாவது, வியாபாரிகளின் கணக்கைக் கவனிக்கும் பிசினஸ் ரிலேஷன்ஷிப் மேனேஜர் வேலை. அம்பாசமுத்திரம் அரிசி ஆலை, கல்லிடைக்குறிச்சி அப்பளக் கம்பெனி, டவுன் ஜவுளிக்கடை, கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு சிறு தொழிற்சாலை என்று முப்பது நாற்பது வாடிக்கையாளர்களை ஒருவர் பொறுப்பில் விடுவார்கள். அவர்களின் ஓவர்டிராப்ட், வங்கி உத்தரவாதம், லிமிட் புதுப்பித்தல் எல்லாம் இவர் வழியாகவே நடக்கும். பழைய காலத்தில் 'ஏஜெண்ட்' என்று அழைக்கப்பட்ட கிளை மேலாளர் செய்த வேலைதான் இது. 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கியாகத் தொடங்கி 1962இல் பெயர் மாறிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி போன்றவை, வியாபாரிகளின் அறிமுகத்தையே முதலாகக் கொண்டு வளர்ந்தவை. அதற்கு இப்போது ஆங்கிலப் பெயர் வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்த வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பேச்சுத் திறமையை மட்டும் பார்ப்பதில்லை. கணக்கு வாசிக்கத் தெரியுமா என்று பார்க்கிறார்கள். ஓர் உதாரணம்: ஒரு கடைக்கு வருடம் 2 கோடி விற்பனை. நடைமுறை மூலதனக் கடன் எவ்வளவு கொடுக்கலாம்? 1992இல் நாயக் குழு சொன்ன வழியில், விற்பனையில் கால் பங்கான 50 லட்சம் மூலதனத் தேவை. அதில் 10 லட்சம் உரிமையாளர் போட வேண்டும், மீதி 40 லட்சம் வங்கி தரலாம். அடுத்த கேள்விதான் முக்கியம். விற்பனை 2 கோடி என்கிறார், ஜி.எஸ்.டி. ரிட்டர்னில் 80 லட்சம்தான் இருக்கிறது, என்ன செய்வீர்கள்? கடையில் வாப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கடன் பேரேடு பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு இந்தக் கேள்வி எளிதில் புரியும். அந்த அனுபவத்தை விண்ணப்பத்தில் எழுத வெட்கப்படுகிறார்கள், தாராளமாக எழுதலாம்.

ஆகவே நேர்முகத் தேர்வில் பிள்ளைகள் தயங்காமல் கேட்க வேண்டும். நான் வாடிக்கையாளரைப் புதிதாகத் தேட வேண்டுமா, இருப்பவர்களைக் கவனிக்க வேண்டுமா? சம்பளத்தில் நிலையானது எவ்வளவு? பணியில் நிரந்தரம் வங்கியிலா, ஆள் அனுப்பும் ஏஜென்சியிலா? இடையில் விலகினால் பணம் கட்ட வேண்டுமா? பயிற்சிக் கட்டணம் என்று சில லட்சம் கேட்டால், அதைக் கடனாக எடுப்பது யார் பெயரில்? வேலை வாங்கித் தருவதாகத் தனி ஆள் யாரும் கையில் பணம் கேட்டால் அந்தப் பேச்சையே விட்டுவிடுங்கள்.

சேர்ந்த பிறகு உயர்வதற்குத் தேர்வுகள் இருக்கின்றன. 1928இல் நிறுவப்பட்ட, மும்பையிலுள்ள இந்திய வங்கியியல் நிதியியல் கழகம் நடத்தும் ஜே.ஏ.ஐ.ஐ.பி., அதன்பின் சி.ஏ.ஐ.ஐ.பி. ஆகியவை வங்கி ஊழியர்களுக்கானவை. மியூச்சுவல் பண்ட் பற்றிப் பேச வேண்டுமானால் என்.ஐ.எஸ்.எம். தேர்வில் தேறியிருக்க வேண்டும்; அந்தச் சான்றிதழ் மூன்று வருடம் செல்லும். விற்பனைப் பக்கத்தில் சேர்ந்தவர்கூட இரண்டு வருடம் தாக்குப்பிடித்து, இவற்றில் ஒன்றை முடித்து, வியாபாரக் கடன் பிரிவுக்கு மாற்றம் கேட்கலாம். நாம் அறிந்தவரை, நிலைத்து நின்றவர்கள் பெரும்பாலும் இந்த வழியில் வந்தவர்களே.

வட்டியோடு தொடர்புள்ள வேலை கூடுமா என்ற கேள்வி பல வீடுகளில் எழுகிறது. அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் உலமாக்கள். நாம் சொல்வது, அதைச் சேர்ந்து ஒரு வருடம் கழித்துக் கேட்காமல் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள் என்பதே. வங்கிக்கு வெளியிலும் இந்த வேலை உண்டு. சரக்குப் போக்குவரத்துக் கம்பெனிகளிலும், மருந்து, சிமெண்ட் கம்பெனிகளிலும் பெரிய வாடிக்கையாளர்களைக் கவனிக்க ஆள் வைக்கிறார்கள். மென்பொருள் துறையில் இதே பெயருள்ள பதவி, கணினிப் பிரிவுக்கும் மற்றப் பிரிவுகளுக்கும் நடுவில் நிற்பவருக்கு உரியது. சில வருட அனுபவம் இல்லாமல் அது கிடைக்காது.

பெண் பிள்ளைகளின் உம்மாமார் அலைச்சலைப் பற்றிக் கவலைப்படுகிறார்கள். அலுவலகத்தில் இருந்தபடியே தொலைபேசியில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் பிரிவுகள் தனியார் வங்கிகளில் இருக்கின்றன. அவை பெரும்பாலும் பெரிய நகரங்களில்தான் என்பதால், தங்கும் இடத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும்.

வேலைக் கடிதம் வந்திருந்தால் அதன் நகலை அஸருக்குப் பிறகு நமது அலுவலகத்திற்குக் கொண்டு வாருங்கள். சேர்ந்து வாசித்துப் பார்க்கலாம். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாருங்கள்.