பலமனேர்த் தொழுவமும் மறைந்த காட்டுமாடும்

சித்தூரிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் பெருவழி மலையேறி முடிகின்ற இடத்தில் பலமனேர் இருக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் 2,000 அடியைக் கடந்த மேட்டு நிலம் அது. 1911-ஆம் ஆண்டில் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பெறும் வரையில் இவ்வூர் வட ஆர்க்காட்டைச் சேர்ந்திருந்தது. ஆதலின் இதன் கடைத்தெருவில் தெலுங்கோடு தமிழும் இன்றளவும் புழங்குகிறது. திருப்பதி ஸ்ரீ வேங்கடேசுவரா கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த கால்நடை ஆராய்ச்சி நிலையம் இவ்வூரில் உண்டு. அங்கே காக்கப்படும் புங்கனூர்ப் பசுக்களை முதன்முறை காண்பவர், இவை கன்றுகளா தாய்ப்பசுக்களா என்று ஐயுறுவர். தோளுயரம் 70 முதல் 90 சென்டிமீட்டர் வரையில்தான். வளர்ந்த பசு நம் இடுப்பளவுக்கு மேல் வாராது.

இச்சிறு பசுவைப் பற்றிப் பேசுமுன், இதன் மூதாதையாகிய ஒரு பெருவிலங்கைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. உலகத்து வீட்டு மாடுகள் யாவும் ஔராக்ஸ் எனப்படும் ஆதிக் காட்டுமாட்டின் வழி வந்தவை. அதன் காளைகளுள் சில ஏறக்குறைய ஆறடித் தோளுயரம் உடையனவாக இருந்தன. அது நம் நாட்டிலும் வாழ்ந்தது. நருமதைப் படுகையில் அதன் எலும்புகள் கல்லாய்க் கிடைத்துள்ளன. இன்றைய பாகிஸ்தானத்து மெஹர்கர் வட்டாரத்தில் ஏறத்தாழ 8,000 ஆண்டுகளுக்கு முன் மனிதன் அதனைப் பழக்கினான் என்றும், நம் திமிலுள்ள மாடுகள் அவ்வழியில் வந்தவை என்றும் ஆராய்ச்சியாளர் கூறுவர். இந்தியக் காட்டுமாட்டினுடையவை என்று ஐயமின்றிக் கொள்ளத்தக்க எலும்புகளுள் மிகப் பிந்தியவை, பலமனேருக்கு அண்டை மாநிலமான கருநாடகத்தில், பனஹள்ளி என்னும் இடத்தில் கிடைத்தன. அவற்றின் வயது ஏறக்குறைய 4,200 ஆண்டுகள். சங்க நூல்கள் கூறும் ‘ஆமா’ இதுவோ என்று சிலர் வினவக்கூடும். அன்று; ஆமா என்பது இன்றும் நம் மலைகளில் வாழும் கடமா. பேச்சு வழக்கில் நாம் அதனைக் காட்டெருமை என்று பிழைபடக் கூறி வருகிறோம்.

ஐரோப்பாவில் ஔராக்ஸ் நெடுங்காலம் தங்கியிருந்தது. அதன் இறுதிக் கூட்டம் போலந்து நாட்டு யாக்டோருவ் காட்டில் அரசனுடைய காவலின்கீழ் வாழ்ந்தது. 1564-ஆம் ஆண்டில் காவலர் எண்ணிய தொகை 38. காவல் இருந்தும், காடும் மேய்ச்சலும் சுருங்கி, ஊர் மாடுகளும் உள்ளே புகவே, கூட்டம் தேய்ந்தது. கடைசிக் காளை 1620-இல் இறந்தது. அதன் கொம்பு பூண் கட்டப்பெற்று இன்று ஸ்டாக்ஹோம் அரசப் படைக்கலக் காட்சிசாலையில் இருக்கிறது. கடைசிப் பசு 1627-இல் மாண்டது. காளை போன பின்பு தனித்து நின்ற அந்தப் பசுவுக்கு அரசாணையால் ஆகக்கூடியது ஒன்றும் இருக்கவில்லை.

மறைந்த இவ்விலங்கை மீண்டும் உண்டாக்க முற்பட்டோர் ஜெர்மானிய விலங்குக்காட்சிசாலைத் தலைவர்களாகிய லுட்ஸ் ஹெக், ஹைன்ஸ் ஹெக் என்னும் சகோதரர்கள். 1920-களில் ஒருவர் பெர்லினிலும் மற்றவர் மியூனிக்கிலும் இம்முயற்சியைத் தொடங்கினர். ஒரு மாட்டில் கொம்பின் வளைவும், மற்றொன்றில் கருமை நிறமும், வேறொன்றில் முரட்டுக் குணமுமாகக் காட்டுமாட்டின் இயல்புகள் இன்னும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தேர்ந்து கலந்தால் மூதாதை மீள்வான் என்பது அவர்கள் கருத்து. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வெற்றி பெற்றோம் என்றும் அறிவித்தனர். பெர்லின் மாடுகள் போரில் அழிந்தன. இன்று ‘ஹெக் மாடு’ எனப்படுபவை மியூனிக் வழியின. நிறம் பெரும்பாலும் பொருந்துகிறது. உயரம் பொருந்தவில்லை, உடற்கட்டும் வீட்டு மாட்டினுடையதே. 2008 முதல் நெதர்லாந்தில் ‘டௌரோஸ்’ என்ற பெயரால் நடைபெறும் முயற்சி இதைவிடக் கவனமானது. தெற்கு ஐரோப்பாவின் பழைய உழவு மாட்டினங்களைக் கொண்டு அது நடக்கிறது. 2015-இல் இங்கிலாந்துத் தேசத்து எலும்பு ஒன்றிலிருந்து, 6,750 ஆண்டுகளுக்கு முற்பட்ட காட்டுமாட்டின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்தறியப்பட்டது. எனவே இன்றைய முயற்சியாளர் ஒப்பிட்டுப் பார்க்க மூலத்தின் சுவடு ஒன்று கிடைத்திருக்கிறது.

எமது தொழில் மொழிபெயர்ப்பு. ஆகையால் இச்செய்தியை எம் தொழிலைக் கொண்டே விளங்கிக்கொள்கிறோம். ஒரு நூலின் மூலம் தொலைந்துபோய், பத்து மொழிகளில் பெயர்ப்புகள் மட்டும் எஞ்சியிருப்பதாக வைத்துக்கொள்வோம். அவற்றை ஒப்புநோக்கி மூலத்தைத் திரும்ப எழுதலாம்; கதை வந்துவிடும், சொல் வாராது. எழுதியது மூலத்துக்கு எவ்வளவு அண்மையது என்று தீர்ப்புச் சொல்வோரும் இரார். ஹெக் சகோதரர் செய்தது இது. ஆனால் கரையான் தின்றது போக ஓர் ஏட்டுச் சுவடி ஏதோ ஒரு வீட்டுப் பரணில் கிடைத்துவிட்டதென்றால் நிலைமை முற்றும் வேறு. பலமனேரில் இருப்பது அத்தகைய சுவடி.

காட்டில் விடுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நெதர்லாந்தில், ஆம்ஸ்டர்டாமுக்கு அருகிலுள்ள சதுப்பு நிலக் காப்பிடம் ஒன்றில் 1983-இல் ஹெக் மாடுகளை விட்டனர். வேலியிட்ட நிலம், வேட்டை விலங்கு கிடையாது. மந்தைகள் பெருகின. 2017–18 குளிர்காலத்தில் அங்கிருந்த மான், குதிரை, மாடு ஆகியவற்றுள் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை இரையின்றி நலிந்து மடிந்தன. பெரும்பாலானவற்றைத் துன்பம் தீரச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. நம் நாட்டு அனுபவம் இதனினும் நன்று. மத்தியப் பிரதேசத்து பாந்தவ்கர் காட்டில் 1990-களின் இறுதியில் கடமா அற்றுப்போயிற்று. 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் கான்ஹா காட்டிலிருந்து 50 கடமாக்களைக் கொண்டுவந்து விட்டனர். அவை இன்று நூற்றுக்கு மேலாகப் பெருகியுள்ளன. அங்கே புலியும் உண்டு, கடமாவும் உண்மையான கடமாவே. போலி உருவம் எதையும் யாரும் சமைக்கவில்லை.

தானே திரும்பி வந்த விலங்கும் உண்டு. பலமனேரை அடுத்த கவுண்டின்யா காடுகளில் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக யானை இல்லை. 1980-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு, கருநாடகக் காடுகளிலிருந்து ஒரு கூட்டம் நடந்தே வந்து தங்கிற்று. 1990-இல் அக்காடு சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அதன் விலையை இன்றும் சுற்றுக் கிராமத்து உழவர்கள் கரும்பிலும் நெல்லிலும், சிற்சில வேளைகளில் உயிரிலும் செலுத்தி வருகின்றனர். காட்டு விலங்கின் மீட்சியைத் தொலைவிலிருந்து போற்றுவோர் இதனை மறத்தல் ஆகாது.

இனிப் புங்கனூர்ப் பசுவுக்கு வருவோம். புங்கனூர், பலமனேர், மதனப்பள்ளி, வாயல்பாடு ஆகிய பழைய தாலுகாக்கள் இதன் தாயகம். மழை குறைந்த நாடு. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஐந்து கிலோ தீவனத்தில் காலந்தள்ளக்கூடிய மாடு இங்கே உழவனுக்கு உகந்ததாயிருந்தது. ஒரு கறவைக் காலத்தில் சராசரி 550 கிலோ அளவிலேதான் பால் தரும். ஆனால் பால் கொழுமையானது. பால்பெருக்கத் திட்டங்கள் நாடெங்கும் பரவிய காலத்தில் ஜெர்சி, ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்து கிராமந்தோறும் வந்தது. கலப்புக் கன்று தாயைக் காட்டிலும் பன்மடங்கு பால் கறந்தது. உழவர் செய்ததில் தவறு காண இயலாது. கிணற்று நீர் வந்த பின்பு தீவனம் ஒரு தடையாகவும் இல்லை. இரண்டு மூன்று தலைமுறைகளில் தூய புங்கனூர் மாடு ஊர்ப்புறத்தில் அரிதாகி, ஆராய்ச்சி நிலையத்துத் தொழுவத்தில் காக்கப்பட்ட சில பத்துக்களே இனத்தின் பற்றுக்கோடாயின.

கேரளத்து வெச்சூர்ப் பசுவின் கதையும் இத்தகையதே. அங்கே 1961-ஆம் ஆண்டுச் சட்டமொன்று உரிமமின்றி நாட்டுக் காளைகளை வைத்திருப்பதையே தடுத்தது. 1989-இல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரிப் பேராசிரியை சோசம்மா ஐப் தம் மாணவர்களுடன் ஊர் ஊராகத் தேடி, எஞ்சிய சில மாடுகளைக் கண்டெடுத்து மந்தையாக்கினார். அவருக்கு 2022-இல் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது.

எஞ்சிய சிலவற்றிலிருந்து இனத்தை மீட்கும் கணக்கு எவ்வாறு நடக்கிறது? கலப்புப் பசு ஒன்றுக்குத் தூய காளையைச் சேர்த்தால், கன்றில் அயலினப் பங்கு பாதியாகக் குறையும். தூய காளையைத் தலைமுறைதோறும் சேர்த்து வருவோமாயின், அயலினப் பங்கு அரை, கால், அரைக்கால், வீசம், அரைவீசம் என்று தேயும். நம் பழைய திண்ணைப் பள்ளி வாய்பாடே இங்குக் கணக்காக நிற்கிறது. ஐந்தாம் தலைமுறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 97 பங்கு தூய்மை வந்துவிடும். ஒரு தலைமுறைக்கு நான்கு ஆண்டுகள் என்று கொண்டாலும் இருபது ஆண்டுகள் ஆகும். இக்கணக்குத் தொடங்க ஒன்று இன்றியமையாதது: தூய காளை. ஔராக்ஸ் காளை 1620-இல் இறந்தபோது அவ்வினத்துக்கு இவ்வாய்பாட்டின் முதல் வரியே அழிந்துபோயிற்று. புங்கனூருக்கு அது இன்னும் அழியவில்லை.

ஒரு காளை போதுமோ என்றால் போதாது. ஐம்பது பசுக்களும் ஒரே காளையும் உள்ள மந்தையில் எல்லாக் கன்றுகளும் ஒரு தந்தையின் மக்களாகிவிடும். மரபியலார் கணக்குப்படி அம்மந்தை, பசுவும் காளையும் சமமாயுள்ள நான்கே மாடுகள் கொண்ட மந்தைக்கு ஒப்பாகும். காளைகள் ஐந்தானால் அது 18-க்கு ஒப்பாகும், பத்தானால் 33-க்கு. நெருங்கிய உறவில் ஈனப்படும் கன்றுகள் நோஞ்சானாகும். சினை பிடிப்பதும் குறையும். ஆகவே உறவில்லாத காளை வழிகளைத் தேடிக் கண்டு, அவற்றின் விந்தைத் திரவ நைட்ரஜனில் பூச்சியத்துக்குக் கீழ் 196 பாகையில் உறையவைத்துக் காப்பது, பசுக்களைப் பெருக்குவதற்கு இணையான அவசரப் பணியாகும். பசுவின் பக்கத்தில் கருமாற்று முறை உதவுகிறது. நல்ல பசுவொன்றில் ஒரே வேளையில் பல கருமுட்டைகளை முதிரச் செய்து, கருவாக்கி, வேறினப் பசுக்களின் வயிற்றில் வைப்பர். சுமப்பவள் யாராயினும் கன்று புங்கனூரே. ஆண்டுக்கு ஒரு கன்று ஈனும் தாய்க்கு இம்முறையால் பல கன்றுகள் கிடைக்கும். 2020-இல் ஆந்திர அரசாங்கம் இப்பணிக்கென 69 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கி, பலமனேர் நிலையத்தைக் களமாகக் கொண்டு ஒரு திட்டத்தை வகுத்தது.

இன்று எழுந்துள்ள இடர் வேறு வகையானது. 2024 ஜனவரி 14 அன்று, பொங்கல் வேளையில், பிரதம மந்திரி தம் டில்லி இல்லத்தில் புங்கனூர்ப் பசுக்களுக்குத் தீவனம் ஊட்டிய படங்கள் நாடெங்கும் பரவின. மறந்திருந்த பசு மாளிகை முற்றங்களுக்கு வேண்டியதாயிற்று; விலை இலட்சங்களில் பேசப்பட்டது. இதனால் விளைந்த நன்மையை மறுப்பதற்கில்லை. ஆனால் வாங்குவோர் கேட்பது ஒன்றே: எவ்வளவு குட்டை? ஆதலின் தரகர் கையில் குட்டையான மாடெல்லாம் ‘புங்கனூர்க் குட்டை’ ஆகிறது. குட்டையிலும் குட்டையைத் தேர்ந்து கலந்து, பொம்மை போன்ற மாட்டை ஆக்குவோரும் தோன்றியுள்ளனர். ஹெக் சகோதரர் கொம்பின் வளைவைப் பார்த்துத் தேர்ந்தனர். இவர்கள் உயரத்தைப் பார்த்துத் தேர்கின்றனர். வறட்சி தாங்கும் உடலும், வைக்கோலைக் கொழுப்பாக்கும் குடலும் அளவுகோலில் தென்படுவனவல்ல. தேர்வு செய்யாது விட்ட குணம் சில தலைமுறைகளில் தானே நழுவிவிடும்.

பலமனேருக்கு அண்மையில் ஒரு சிற்றூரில் நாம் கண்ட முதியவர் இரண்டு கலப்புப் பசுக்கள் வைத்திருந்தார். அவர் பாட்டனார் காலத்தில் அதே தொழுவில் கட்டியவை புங்கனூர் மாடுகளாம். மீண்டும் வளர்ப்பீர்களா என்று கேட்டோம். "கட்டுத்தறி ஒன்று சும்மாத்தான் இருக்கிறது ஐயா. ஆனால் சங்கத்துக்குப் பால் ஊற்றித்தான் வீட்டுச் செலவு நடக்கிறது; இலட்ச ரூபாய் போட்டு மாடு வாங்கி நான் யாருக்குக் காட்டுவேன்?" என்றார். பசு அழகுப் பொருளாக விலையேறுந்தோறும், அதனை உருவாக்கிய உழவனுக்கே அது எட்டாமற் போகிறது. நிலையத்துக் காளையின் விந்து அவ்வூர்க் கலப்புப் பசுக்களுக்குக் குறைந்த செலவில் கிடைத்து, பிறக்கும் கன்றுக்கு ஓரளவு உதவித்தொகையும் இருக்குமாயின், மேற்கூறிய அரை, கால், அரைக்கால் கணக்கு அவர் தொழுவிலும் தொடங்கக்கூடும் என்பது எம் கருத்து.

புங்கனூர் மாடு வாங்க விழைவோர் உயரத்தை அளப்பதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டல் நன்று. தாய் எது, தந்தைக் காளை எது, பாட்டன் பாட்டி எவை என்று மூன்று தலைமுறைப் பதிவு உண்டா? இரு பெற்றோரும் ஒரே தந்தையின் வழியினவா? தாய் எவ்வளவு கறந்தது, எத்தனை முறை ஈன்றது? இவற்றுக்கு எழுத்தில் விடை தர இயலாதவர் விற்பது குட்டையான மாடாக இருக்கலாம்; புங்கனூர்தான் என்று கொள்வதற்குச் சான்றில்லை. கன்று பிறந்தால் அதன் பிறப்பையும் பெற்றோரையும் அன்றே எழுதி வைத்து, அருகிலுள்ள கால்நடை மருத்துவமனையில் தெரிவித்துக் காதடையாளம் இடச் செய்தல் வேண்டும். காளைக் கன்றாயின் அதனை விரைந்து காயடித்துவிட வேண்டா. முதலில் பலமனேர் நிலையத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள்.