நம் தெரு ரோட்டுக்கு யார் காசு கொடுப்பது?

"வண்டி வாங்கும்போதே ரோடு டாக்ஸ் கட்டியாகிவிட்டது. பெட்ரோலுக்கும் வரி கொடுக்கிறோம். அப்புறம் ஏன் நம் தெரு இப்படிக் குண்டும் குழியுமாகக் கிடக்கிறது?" நம் ஊர்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்தப் பணம் நம் தெருவைத் தேடி வருவதில்லை என்பது பலருக்குத் தெரியாது.

வாகன வரி மாநில அரசின் பொதுக் கருவூலத்தில் சேர்கிறது. பெட்ரோல், டீசல் மீதான சாலை செஸ் மத்திய அரசுக்குப் போய், அங்கிருந்து நெடுஞ்சாலை, கிராமச் சாலைத் திட்டம், ரயில்வே மேம்பாலம் எனப் பல பக்கம் பிரிகிறது. பேரூராட்சித் தெருவுக்கென்று அதில் தனிப் பங்கு கிடையாது.

முத்துப்பேட்டை, தொண்டி, லெப்பைக்குடிக்காடு போன்றவை பேரூராட்சிகள். 2022 உள்ளாட்சித் தேர்தலின்போது தமிழகத்தில் இப்படி 490 பேரூராட்சிகள் இருந்தன. இந்த ஊர்களில் பஸ் போகும் கடைத்தெரு பெரும்பாலும் நெடுஞ்சாலைத் துறையின் சாலையாக இருக்கும். ஓரத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லைப் பாருங்கள். தலைப்பகுதி மஞ்சள் என்றால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. அங்குள்ள பள்ளத்திற்காக வார்டு கவுன்சிலரிடம் சண்டை போடுவதில் பயனில்லை, நெடுஞ்சாலைத் துறை அலுவலகத்திற்குத்தான் மனு கொடுக்க வேண்டும். உள்ளே இருக்கும் தெருக்களுக்குப் பேரூராட்சி பொறுப்பு.

பேரூராட்சிக்குப் பணம் எப்படி வருகிறது? மாநில அரசு தன் சொந்த வரி வருவாயில் 10 சதவீதத்தை எல்லா உள்ளாட்சிகளுக்கும் பகிர்ந்து தருகிறது. அதில் வரும் பங்கு ஊழியர் சம்பளம், தெருவிளக்கு மின்கட்டணம், குடிநீர் மோட்டார் என்று கரைந்துவிடுகிறது. மத்திய நிதி ஆணையத்தின் மானியமும் உண்டு. 2021 முதல் 2026 வரையிலான 15ஆவது நிதி ஆணையம், சிறிய நகரங்களுக்கான மானியத்தில் 60 சதவீதத்தைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் என்று கட்டிப்போட்டது. மீதி 40 சதவீதத்தில்தான் சாலைக்கு இடம். எம்.எல்.ஏ., எம்.பி. தொகுதி நிதியிலும் சாலை போடுவார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான். வெளியிலிருந்து வரும் பணம் பெரும்பாலும் புதிதாகச் சாலை போடத்தான் வருகிறது. திறப்பு விழாவும் கல்வெட்டும் புதுச் சாலைக்குத்தானே! மூன்றாம் வருடம் விரிசல் விடும்போது தார் ஊற்றி அடைப்பதற்கும், ஓரத்து மண்ணை வழித்து மழைநீர் ஓட வழி செய்வதற்கும் யாரும் கல்வெட்டு வைப்பதில்லை. இந்த மராமத்துக்குப் பேரூராட்சி தன் சொந்த வருவாயைத்தான் நம்ப வேண்டும். அதில் முக்கியமானது நாம் கட்டும் வீட்டு வரி.

இங்கே நம் பக்கமும் பேச வேண்டியிருக்கிறது. பிள்ளைகள் வளைகுடாவிலும் சிங்கப்பூரிலும் இருக்க, பூட்டிக் கிடக்கும் வீடுகளுக்கு வருடக்கணக்கில் வரி பாக்கி. ஓட்டு வீடு இரண்டு மாடியாக உயர்ந்த பிறகும் பழைய அளவிலேயே ரசீது. 2022 ஏப்ரலில் வரி உயர்ந்தபோது (600 சதுர அடி வரையுள்ள வீட்டுக்கு 25 சதவீதம், 1800க்கு மேல் 100 சதவீதம்) எல்லோருக்கும் வருத்தம்தான். ஆனால் அதற்கு முன் பல ஆண்டுகளாக வரி உயரவே இல்லை. தார், ஜல்லி விலை அப்படி நிற்கவில்லை. "ரோடு சரியில்லை, அதனால் வரி கட்டமாட்டேன்" என்று நாம் சொல்ல, "வரி வரவில்லை, அதனால் ரோடு போட முடியவில்லை" என்று அவர்கள் சொல்ல, நடுவில் பள்ளம்தான் பெரிதாகிறது. வரியைக் கட்டிவிட்டு, மராமத்துக்கு இந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள் என்று செயல் அலுவலரிடம் எழுத்தில் கேட்பதே வலுவான வழி. பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

ஜமாஅத் மூலம் வசூல் செய்து போடலாமே, ஜகாத்திலிருந்து எடுக்கலாமா என்றும் கேட்கிறார்கள். ஜகாத் பெற உரிய எட்டு வகையினரில் சாலை வராது என்பதே பெரும்பான்மை அறிஞர்களின் கருத்து. அது ஏழைகளின் ஹக். ஸதகாவாகத் தாராளமாகக் கொடுக்கலாம், பாதையில் இடையூறு நீக்குவதே ஸதகா என்று கற்றவர்கள் நாம். அப்படிக் கொடுப்பதாக இருந்தாலும் தனியாகப் போட்டுவிடாமல், அரசின் 'நமக்கு நாமே' திட்டத்தில் அந்தப் பணி சேருமா என்று முதலில் அலுவலகத்தில் விசாரியுங்கள். அதில் பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு தருகிறது. தனியாகப் போட்டால் செலவு முழுவதும் நம் தலையில் விழும், நாளை அது பெயர்ந்தால் யாரையும் கேட்கவும் முடியாது.

இன்னொன்று, குடிநீர் இணைப்புக்காகச் சாலையை வெட்டுவது. அனுமதி வாங்கி, சீரமைப்புக் கட்டணம் கட்டித்தான் வெட்ட வேண்டும். இரவோடு இரவாக வெட்டி மண்ணைத் தள்ளி மூடினால், அடுத்த மழையில் தண்ணீர் அந்த வெட்டில்தான் இறங்கும், சாலை அங்கிருந்துதான் பெயரத் தொடங்கும். கட்டணம் கட்டியவர் ரசீதைக் காட்டி, வெட்டிய இடத்தைச் சரிசெய்து தாருங்கள் என்று கேட்கலாம்.