காய்ச்சலும் கடன்முறியும்

1878-ஆம் ஆண்டுக் கோடையில், அமெரிக்காவில் மிசிசிப்பி ஆற்றங்கரையிலுள்ள மெம்பிசு நகரை மஞ்சள் காய்ச்சல் சூறையாடியது. ஏறத்தாழ 25,000 பேர் ஊரைவிட்டு ஓடினர். எஞ்சியோருள் 5,000 பேருக்கு மேல் மாண்டனர். நகரின் தலைமேல் முன்பே 50 இலட்சம் டாலருக்கு மேற்பட்ட கடன் இருந்தது. வரி கொடுப்போர் குறைந்தனர். கடன்முறி வைத்திருந்தோர் நீதிமன்றப் படியேறினர்.

1879 சனவரியில் டென்னசி மாநிலச் சட்டமன்றம் துணிந்து ஒன்று செய்தது. மெம்பிசின் நகராட்சிப் பட்டயத்தையே நீக்கியது. வீடும் தெருவும் மக்களும் இருந்தபடியே இருக்க, கடன்பட்ட நகராட்சி மட்டும் இல்லாதொழிந்தது! அவ்விடத்தே 'வரி வட்டாரம்' ஒன்று தோன்றியது. தானே வரி விதிக்கவோ கடன் வாங்கவோ அதற்கு உரிமையில்லை.

கடன் கொடுத்தோர் வரி நிலுவையைப் பற்ற முனைந்தனர். கூட்டரசு நீதிமன்றமும் அதற்கெனக் காப்பாளர் ஒருவரை அமர்த்தியது. மெரிவெதர் - காரெட்டு வழக்கு என அறியப்படும் இப்பூசல், உச்ச நீதிமன்றத்தில் 1880-இல் முடிவுற்றது. தெருவும் பூங்காவும் பொதுப் பயனுக்குரியவை, ஏலம் போடலாகாது; ஊரார் தனியுடைமை ஊராட்சியின் கடனுக்கு ஈடாகாது; வரி விதித்தல் சட்டமன்றத்தின் ஆற்றல், நீதிமன்றம் அதைக் கையிலெடுக்க இயலாது என்பது தீர்ப்பு. மூன்று நடுவர்கள் மாறுபட்டனர். அவர்கள் பக்கமே என் மனம் சாய்கிறது: கடன் கொடுத்தோர் வரியை நம்பித்தானே பணம் கொடுத்தார்கள்?

அதே 1880-இல், காய்ச்சலைத் தடுக்க, வாரிங் என்னும் பொறியாளர் மெம்பிசில் புதுவகை வடிகால் அமைக்கத் தொடங்கினார். மழைநீரை விலக்கி, வீட்டுக் கழிவை மட்டும் 6 அங்குலக் களிமண் குழாய்களில் செலுத்தினார். ஒவ்வொரு குழாயின் தலைமாட்டிலும் ஒரு தொட்டி. நிரம்பியதும் தானே கவிழ்ந்தாற்போல் நீரைக் கொட்டிக் குழாயை அலசும். அழுகலின் தீக்காற்றே காய்ச்சலை விளைக்கிறது என்பது அக்காலத்தார் துணிபு. கொசுவே அதைப் பரப்புகிறது என்று கியூபாவின் மருத்துவர் பின்லே 1881-இல் உரைத்தார். அமெரிக்கப் படை மருத்துவர் வால்ட்டர் ரீடின் குழு 1900-இல் அதை மெய்ப்பித்தது. அக்கொசு முட்டையிடுவது சாக்கடையிலன்று, வீட்டு மழைநீர்த் தொட்டிகளில். 1887-இல் ஆழ்கிணற்று நீர் கிடைத்தபின் அத்தொட்டிகளின் தேவை குறைந்தது. கருத்துப் பிழையாயினும், வடிகாலால் ஊர் தூய்மையுற்றது.

மெம்பிசு 1893-இல் பட்டயத்தை மீட்டது. அலபாமாவின் மொபைல் நகரும் 1879-இல் இவ்வாறே உருமாறியிருந்தது. ஆனால் மொபைலின் வழக்கில் 1886-இல் அதே உச்ச நீதிமன்றம், மக்களும் நிலமும் பெரும்பாலும் முன்போலவே இருக்கப் பெயர் மாறிய ஊராட்சி, பழைய கடனுக்கும் வழித்தோன்றலே என்று தீர்த்து, வரி விதித்துக் கடனடைக்கச் செய்தது.